உபதேசத்திற்கு முன் ஒரு கவளம்

ஆளவி என்னும் ஊரில் ஏழை உழவன் ஒருவன் வாழ்ந்து வந்தான். பகவான் புத்தர் தன் ஊருக்கு எழுந்தருளியிருப்பதைக் கேள்வியுற்ற அவன், அவரது திருவாய்மொழியைக் கேட்டே தீர்வது என்று உறுதி பூண்டான். ஆனால் அன்று பார்த்து அவனது எருது கட்டுத்தறியில் இல்லை. உபதேசத்திற்குச் செல்வதா, எருதைத் தேடுவதா? எருது இன்றி ஏர் இல்லை, ஏர் இன்றிச் சோறு இல்லை. முதலில் எருதைத் தேடிக் காட்டிற்குச் சென்றான்.

ஊரில் மக்கள் புத்தருக்கும் பிக்ஷுக்களுக்கும் உணவளித்து முடித்தனர். உணவுக்குப் பின் உபதேசம் நிகழ்வது மரபு. மக்கள் கைகூப்பி அமர்ந்திருந்தனர். புத்தரோ வாய் திறக்கவில்லை. முப்பது யோசனை தூரம் கடந்து அவர் ஆளவிக்கு வந்ததே அந்த ஓர் உழவனுக்காகத்தான் என்கிறது தம்மபத உரை. அவர் பேசாதிருக்க, பேசுங்கள் என்று கேட்கும் துணிவும் யாருக்கும் இல்லை.

பொழுது ஏறியபின் எருதைக் கண்டுபிடித்து மந்தையில் சேர்த்துவிட்டு உழவன் ஓடோடி வந்தான். காலையிலிருந்து எதுவும் உண்ணாததால் வயிறு ஒட்டியிருந்தது. வணங்கிவிட்டு ஓரமாக நின்றான். புத்தர் அவனைப் பார்த்தார். பிறகு உணவுப் பொறுப்பில் இருந்தவரை அழைத்து, சங்கத்தார் உண்டது போக ஏதேனும் மீதம் உள்ளதா என்று வினவினார். இருக்கிறது என்று பதில் வந்தது. அப்படியானால் இவனை உட்கார வைத்து முதலில் உணவளியுங்கள் என்று பணித்தார். அவன் உண்டு, பசி ஆறி, மனம் அமைந்த பின்னரே உபதேசம் தொடங்கியது. அதன் முடிவில் அவன் ஞானத்தின் முதற்படியில் நிலைபெற்றான்.

திரும்பும் வழியில் பிக்ஷுக்களிடையே முணுமுணுப்பு எழுந்தது. முற்றும் துறந்த ததாகதர், ஓர் இல்லறத்தானுக்குச் சோறு பரிமாறும் காரியத்தில் தலையிடுவதா? அதைக் கேட்ட புத்தர் நின்றார். பசித்தவனுக்குத் தர்மத்தைச் சொன்னால் பசியின் வேதனையால் அது அவனுக்குள் இறங்காது என்றும், நோய்களில் எல்லாம் பெரிய நோய் பசியே என்றும் அவர்களுக்கு உணர்த்தினார். மூன்று பிடகங்களில் வேறெங்கும் புத்தர் இவ்வாறு உணவு பரிமாறுவதில் தலையிட்டதில்லை என்று உரையாசிரியர் தனியே குறிப்பிடுகிறார். ஒரே ஒரு முறை நிகழ்ந்ததால்தான் இது இத்தனை ஆண்டுகளாக நினைவில் நின்றது போலும்!

இங்கே ஒரு நுட்பம் உண்டு. சோறு உபதேசத்திற்கு ஒரு தூண்டிலாக வைக்கப்படவில்லை. உழவன் ஏற்கெனவே உபதேசம் கேட்கவே வந்தவன். சோறு இல்லாவிட்டாலும் உட்கார்ந்து கேட்டிருப்பான். அவன் கேட்காத உணவு அவனுக்குக் கிடைத்தது. ஏழைக்கு ஒரு பிடி சோறு கொடுத்து அதற்கு ஈடாக அவனது நம்பிக்கையைக் கேட்கும் வழக்கம் உலகில் உண்டு. அதற்கும் இதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது.

கொடுப்பவனுக்கு வந்த துயரம்

தமிழ் மண்ணில் பௌத்தம் பேசிய பெருங்காப்பியத்தின் நடுவில் இருப்பதும் ஒரு பிச்சைப் பாத்திரமே. சாத்தனாரின் மணிமேகலை, தர்க்கமும் தத்துவமும் நிறைந்த நூல். அளவை வாதி முதலாகப் பல சமயவாதிகளின் கொள்கைகளை அடுக்கி ஆராய்வது. எனினும் மக்கள் நெஞ்சில் நின்றது அமுதசுரபிதான். மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையிலிருந்து வைகாசி விசாக நாளில் வெளிப்பட்ட அப்பாத்திரத்தில் ஆதிரை முதல் பிச்சை இடுகிறாள். யானைத்தீ என்னும் தீராப் பசிநோயால் வாடிய காயசண்டிகையின் பசி அதனால் தீர்கிறது. மணிமேகலையின் வேண்டுகோளால் சோழனின் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிறது.

அப்பாத்திரத்தை முன்பு வைத்திருந்தவன் ஆபுத்திரன். அவன் கதையைச் சற்று நின்று கேட்க வேண்டும். மதுரையில் இரந்து உண்டு, இரந்ததைப் பகிர்ந்து வாழ்ந்த அவனுக்குச் சிந்தாதேவி அமுதசுரபியை அளிக்கிறாள். வருவோர்க்கெல்லாம் வழங்குகிறான். இந்திரன் வரம் தர வருகிறான்; ஆபுத்திரனோ அவனைப் பொருட்படுத்தாமல் நகைக்கிறான். சினம் கொண்ட இந்திரன் அவனைத் தண்டித்த விதம் விந்தையானது. இடி விழச் செய்யவில்லை. மழை பெய்யச் செய்தான்! பாண்டிய நாடு செழித்தது. பசித்தவர் இல்லாமற் போயினர். கையில் வற்றாத பாத்திரம், உண்ண ஆள் இல்லை. ஊர் ஊராக அலைந்து, உண்பீரோ என்று கேட்டுத் திரிந்தான் ஆபுத்திரன். கடைசியில் சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பலேறி, வழியில் மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டு, பாத்திரத்தைப் பொய்கையில் விட்டு உண்ணாநோன்பால் உயிர் நீத்தான்.

தொண்டு செய்வோர் ஒவ்வொருவரும் இக்கதையின் முன் தம்மை நிறுத்திப் பார்க்கலாம். நாடு செழித்ததற்காக அவன் மகிழ்ந்திருக்க வேண்டாமா? ஆபுத்திரனின் கருணை தூயது. அதில் ஐயம் இல்லை. ஆயினும் கொடுப்பவனுக்கு ஏழை தேவைப்படும் நிலை ஒன்று உண்டு. கொடுத்துக் கொடுத்துப் பழகியவன், பெறுபவன் எழுந்து நின்றுவிட்டால் திகைத்துப் போகிறான்.

கூடதந்தன் கேட்ட யாகம்

பெறுபவன் எழுந்து நிற்பதற்கான வழியைப் பற்றியும் புத்தர் பேசியிருக்கிறார். தீக நிகாயத்தின் ஐந்தாம் சூத்திரம் அது. கூடதந்தன் என்னும் செல்வந்த அந்தணன் காணுமதம் என்ற ஊரில் பெரும் யாகம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்திருந்தான். எருதுகள், காளைகள், கிடாரிகள், வெள்ளாடுகள், செம்மறிகள் என ஒவ்வொன்றிலும் 700 வேள்வித் தூண்களுக்குக் கொண்டுவரப்பட்டிருந்தன. யாகத்தைக் குறைவின்றி நடத்தும் முறையை அறிய அவன் புத்தரிடம் வந்தான். அவனுக்கு அவர் மகாவிஜிதன் என்ற பழைய அரசனின் கதையைச் சொன்னார்.

அந்த அரசனுக்கும் பெரும் யாகம் செய்ய ஆசை. ஆனால் நாட்டில் கொள்ளையும் வழிப்பறியும் மலிந்திருந்தன. புரோகிதர் கூறிய ஆலோசனை வியக்கத்தக்கது. இந்நிலையில் வரி விதித்து யாகம் செய்வது முறையன்று. கொள்ளையரைக் கொன்றும் சிறையிட்டும் நாடு கடத்தியும் இத்தொல்லையை ஒழிக்க முடியாது. மீந்திருப்பவர் மீண்டும் நாட்டை அலைக்கழிப்பர். உழவும் கால்நடையும் பேணுவோருக்கு விதையும் தீனியும் கொடு, வணிகருக்கு முதல் கொடு, அரசுப் பணி செய்வோருக்கு உணவும் ஊதியமும் கொடு என்றார் அவர். அரசன் அவ்வாறே செய்தான். மக்கள் தத்தம் தொழிலில் ஈடுபட்டனர். கதவைத் தாழிடாமல், மடியில் குழந்தைகளைக் கொஞ்சியபடி வாழ்ந்தனர். அதற்குப் பின்னரே யாகம் நடந்தது. அதில் ஓர் உயிரும் பலியாகவில்லை, ஒரு மரமும் வெட்டப்படவில்லை, அழுதுகொண்டே வேலை செய்த பணியாளும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்த கூடதந்தன் தன் யாகசாலையில் கட்டியிருந்த விலங்குகளை அவிழ்த்துவிட்டான்.

வறுமையைப் பற்றி இவ்வளவு தெளிவாகப் பேசும் பழைய நூல்கள் மிகச் சிலவே. திருட்டுக்குக் காரணம் திருடனின் தீய குணம் என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், அவன் வீட்டில் விதை நெல் இருக்கிறதா என்று கேட்கும் சமயம் இது. ஆளவியில் அளிக்கப்பட்டது ஒரு வேளைச் சோறு. மகாவிஜிதன் அளித்தது விதை. இரண்டும் வேண்டும், இரண்டாவதற்குக் காலம் பிடிக்கும்.

ஹுன்சூர் சாலையில்

மைசூர் நகரின் வடமேற்கே விரிந்திருக்கும் விஜயநகரில் யோக நரசிம்ம சுவாமி கோயில் உள்ளது. ஆங்கிலப் புத்தாண்டன்று பக்தர்களுக்கு அங்கே வழங்கப்படும் லட்டுப் பிரசாதம் இலட்சக்கணக்கில் செய்யப்படுவது. விஜயநகரை ஒட்டிச் செல்வது ஹுன்சூர் சாலை. தலைக்காவிரிக்கு யாத்திரை செல்லும் தமிழ் அன்பர்கள் பலரும் இச்சாலை வழியே ஹுன்சூர், பிரியாபட்டணா, குஷால்நகர் கடந்து மடிக்கேரி செல்கின்றனர். குஷால்நகருக்குச் சற்று முன்பாக, மைசூரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டரில், சோளக் காடுகளுக்கு இடையே வண்ணக் கொடிகள் காற்றில் படபடக்கின்றன. அதுதான் பைலகுப்பே. மணிமேகலை பிறந்த பூம்புகாரில் கடலில் கலக்கும் அதே காவிரி இவ்வூருக்கு அருகில் இளமையோடு ஓடுகிறது.

1959-இல் தலாய் லாமா திபெத்தை விட்டு இந்தியாவிற்கு வந்தபோது அவரைத் தொடர்ந்து ஏறத்தாழ 80,000 பேர் வந்தனர். வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்த முதல் வேலை இமயமலைச் சாலைகளில் பாறை உடைப்பது. கூடாரங்களில் வாழ்க்கை, பெற்றோர் நாள் முழுதும் சாலையில், குழந்தைகள் சாலையோரத்தில். பசியாலும் நோயாலும் குழந்தைகள் மடிந்தனர். 1960 மே மாதத்தில் ஜம்முவின் சாலைப்பணி முகாமிலிருந்து 51 குழந்தைகள் தர்மசாலாவுக்கு அழைத்து வரப்பட்டனர். அவர்களை ஏற்றுக்கொண்டவர் தலாய் லாமாவின் தமக்கையார் செரிங் டோல்மா. 1964-இல் அவர் மறைந்தபின் தங்கை ஜெட்சுன் பேமா அப்பணியை ஏற்று நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தினார். திபெத்தியக் குழந்தைகள் கிராமம் என்று இன்று அறியப்படும் அந்நிறுவனத்தின் கிளை ஒன்று பைலகுப்பேயிலும் உள்ளது.

அகதிகளுக்கு நிலம் தர மாநிலங்களைப் பிரதமர் நேரு கேட்டபோது முன்வந்தவற்றுள் முதன்மையானது அன்றைய மைசூர் அரசு. பைலகுப்பேயில் சுமார் 3,000 ஏக்கர் காடு ஒதுக்கப்பட்டு, 1960-இல் லுக்சும் சம்துப்லிங் குடியிருப்பு தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் திபெத்தியக் குடியிருப்பு அது. குளிர்நாட்டு மக்களுக்கு இந்த வெயில் புதிது. இரவில் காட்டு யானைகள் வந்து பயிரையும் குடிசையையும் மிதித்தன. எல்லாவற்றையும்விட அவர்களை வருத்தியது வேறொன்று. காட்டை எரித்து நிலம் திருத்தியபோது எண்ணற்ற சிற்றுயிர்கள் தீயில் மடிந்தன. உயிர்க்கொலைக்கு அஞ்சி வளர்ந்த அந்த மக்களுக்கு அது பொறுக்க முடியாத துன்பமாயிற்று என்று தலாய் லாமா தம் சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார். தாமே வீடிழந்து நின்ற நிலையில் பூச்சி எறும்புகளின் வீட்டை எரிக்க நேர்ந்ததற்காக வருந்தியவர்கள் அவர்கள்!

துறவியர் நிலை இன்னும் கடுமையாக இருந்தது. ஏறத்தாழ 1,500 பிக்ஷுக்கள் வங்காளத்தின் பக்ஸா துவாரில் தங்க வைக்கப்பட்டனர். அது ஆங்கிலேயர் காலத்தில் விடுதலைப் போராட்ட வீரர்களை அடைத்து வைத்த கோட்டை. சிறைக் கம்பிகளுக்குள் சாஸ்திரப் பாடம் நடந்தது. சிறைக்கோட்டம் அறக்கோட்டமான மணிமேகலைக் கதையை அது நினைவூட்டும். ஆனால் காப்பியத்தில் இல்லாத ஒன்று பக்ஸாவில் இருந்தது. ஈரமும் நெரிசலும் காசநோயை வளர்த்தன. பலர் அங்கேயே இறந்தனர். எஞ்சியவர்களில் சேரா மடத்தைச் சேர்ந்த சுமார் 300 பேர் 1970-இல் பைலகுப்பே வந்து சேர்ந்தனர். ஏடு புரட்டிய கைகள் மண்வெட்டி பிடித்தன. அதற்கு முன்பே 1963-இல், பெனோர் ரின்போச்சே சிலரை மட்டும் துணைக்கொண்டு மூங்கிலால் ஒரு சிறு கோயில் எழுப்பியிருந்தார். இன்று சுற்றுலாப் பயணிகள் பொற்கோயில் என்று தேடி வரும் நம்ட்ரோலிங் மடத்தின் தொடக்கம் அது.

விதை வேறு வயலில் முளைத்தது

தமிழ்நாட்டு வாசகர்கள் பலரும் அறியாத ஒரு கிளைக்கதை இங்குதான் தொடங்குகிறது. மைசூர் மாநிலத்தில் திபெத்தியர்களைக் குடியமர்த்த அரசுக்குத் துணைநிற்கவென்று 1968-இல் ஒரு தொண்டு நிறுவனம் உருவாயிற்று. மைசூர் மறுகுடியமர்வு மற்றும் மேம்பாட்டு முகமை என்பது பொருள். ஆங்கில எழுத்துச் சுருக்கத்தால் மைராடா எனப் பெயர் பெற்றது. அது பௌத்த நிறுவனம் அன்று. பௌத்த அகதிகளுக்காகப் பிறந்தது, அவ்வளவே. ஏறத்தாழ 15,000 திபெத்தியர் நிலத்தில் வேரூன்ற அது உதவியது. 1980-களின் தொடக்கத்தில் அந்தப் பணி நிறைவுற்றது. ஆபுத்திரனுக்கு வந்த நிலை மைராடாவுக்கும் வந்தது. பாத்திரம் கையில், உண்ண வேண்டியவர்களோ தம் காலில் நின்றுவிட்டனர்.

அந்நிறுவனம் கப்பலேறிப் போகவில்லை. அண்டை அயலில் இருந்த கன்னட, தமிழ் கிராமங்களின் ஏழைகள் பக்கம் திரும்பியது. அங்கே அது அமைத்த பெரிய கூட்டுறவுச் சங்கங்கள் 1984-85 வாக்கில் உடையத் தொடங்கின. சங்கத் தலைவர்கள்மீது நம்பிக்கை இழந்த உறுப்பினர்கள் சிறு சிறு குழுக்களாக வந்து, கடனைச் சங்கத்திற்குத் திருப்பித் தர மாட்டோம், எங்களுக்குள் ஒருவரையொருவர் நம்புகிறோம், இந்தக் குழுவிற்கே செலுத்துகிறோம் என்றனர். வேறு நிறுவனமாக இருந்தால் இதை ஒழுங்கீனம் என்று கருதியிருக்கும். மைராடா அதில் ஒரு வழியைக் கண்டது. ஒருவரையொருவர் அறிந்த பதினைந்து இருபது ஏழைகள் சேர்ந்து சிறுகச் சேமித்து, தமக்குள் கடன் கொடுத்து, தாமே கணக்கெழுதும் குழுக்கள் பிறந்தன. 1987-இல் நபார்டு வங்கி இம்முயற்சிக்கு 10 இலட்சம் ரூபாய் அளித்தது. 1992-இல் 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனைத் திட்டத்தை அது நாடளவில் தொடங்கியது. இதனிடையே 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் அமைக்கும் பணி தொடங்கிவிட்டது.

மகளிர் சுய உதவிக் குழு என்ற சொல்லை அறியாத தமிழ்க் கிராமம் இன்று இல்லை. அதற்கு வேர்கள் பல. அவற்றுள் ஓர் ஆழமான வேர், திபெத்திய அகதிகளுக்காகத் தொடங்கிய அந்தப் பணியில் இருக்கிறது. வணிகருக்கு முதல் கொடு என்று மகாவிஜிதனின் புரோகிதர் சொன்னதை, எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் அந்தப் பெயரையே கேள்விப்படாமல் தங்களுக்குத் தாங்களே செய்துகொண்டனர்.

வெந்த உடலின் அருகில்

கர்நாடகத்தில் பௌத்தத் தொண்டைப் பற்றிப் பேசும்போது ஆசாரிய புத்தரக்கிதரை விட்டுவிட இயலாது. 1922-இல் இம்பாலில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிப் போரின் முகத்தை அருகிலிருந்து பார்த்தபின் துறவு பூண்டார். பாலி மொழியில் தேர்ந்து, ரங்கூனில் நடந்த ஆறாவது பௌத்த மாநாட்டில் திரிபிடகப் பதிப்புப் பணியிலும் பங்கேற்றவர். புத்த ஜயந்தியின் 2500-ஆம் ஆண்டு கொண்டாடப்பட்ட 1956-இல் பெங்களூர் காந்திநகரில் மகாபோதி சங்கத்தை நிறுவினார். தம்மபதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த அறிஞர் என்றே உலகம் அவரை அறியும்.

ஆனால் பெங்களூரின் ஏழை எளியவர்களுக்கு மகாபோதி என்ற சொல் வேறொரு வழியில் பழக்கமானது. விக்டோரியா அரசு மருத்துவமனையின் தீக்காய சிகிச்சைப் பிரிவு மகாபோதியின் பெயரைத் தாங்கியது. மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்தவர், வரதட்சணைக் கொடுமையால் எரிந்தவர், தீபாவளிப் பட்டாசில் கருகிய பிள்ளைகள் என வசதியற்ற எத்தனையோ பேர் கொண்டுவரப்படும் இடம் தீக்காயப் பிரிவு. தீக்காயம் பட்டவரைப் பேணுதல் மருத்துவப் பணிகளில் மிகக் கடினமானது. வலியில் நோயாளி கதறுவார், காயத்திலிருந்து வாடை எழும், உறவினரே முகம் திருப்புவர், பலர் பிழைப்பதுமில்லை. புண்ணியம் தேடுவோர் விரும்பித் தேர்ந்தெடுக்கும் இடம் அன்று அது. அந்த வாசலில் ஒரு பௌத்த சங்கத்தின் பெயர் எழுதப்பட்டிருந்தது என்பதே போதும்.

மைசூரில் இச்சங்கத்தின் கிளை, வடகிழக்கு மாநிலங்களின் பௌத்தப் பழங்குடிச் சிறுவர்களுக்கு மாணவர் இல்லம் நடத்தி வந்துள்ளது. அவர்களில் சக்மா இனத்தவரும் உண்டு. சக்மாக்களின் வரலாறு துயரம் மிக்கது. சிட்டகாங் மலைப்பகுதியில் கட்டப்பட்ட கப்தாய் அணை அவர்களது வயல்களை விழுங்க, 1960-களில் எல்லை கடந்து வந்து அருணாசலப் பிரதேசத்தில் ஒதுங்கியவர்கள் பலர். அத்தகைய குடும்பத்துப் பிள்ளை ஒன்று நாட்டின் மறுகோடியில் கன்னடச் சூழலில் படிக்கும்போது, சோறும் புத்தகமும் மட்டுமன்றிப் பாதுகாப்பும் தேவைப்படுகிறது. 2012 ஆகஸ்டில் பொய் வதந்திகளுக்கு அஞ்சி ஆயிரக்கணக்கான வடகிழக்கு மாநிலத்தவர் பெங்களூரிலிருந்து இரயிலேறிச் சென்றதும், அதே நாட்களில் மைசூரில் ஒரு திபெத்திய மாணவர் தாக்கப்பட்டதும் மறக்கக்கூடியவை அல்ல. முகத்தின் அமைப்பே ஒருவருக்கு ஆபத்தாகும் நாள் வருமெனில், அவரைத் தன் பிள்ளை என்று சொல்லும் ஓர் இல்லம் அவ்வூரில் இருப்பது பெரிய தானம்.

ஆசாரிய புத்தரக்கிதர் 2013 செப்டம்பரில் மறைந்தார்.

கீரையிலிருந்து தொடங்கு

இத்தனைக்கும் பின்னர் ஒரு கேள்வி எஞ்சுகிறது. பக்ஸாவில் இறந்தவர் இறந்தனர். மைசூரின் தெருக்களிலும் சென்னையின் பாலங்களின் கீழும் இரவில் உறங்குவோர் இருக்கவே செய்கின்றனர். எட்டாம் நூற்றாண்டின் நாளந்தா ஆசாரியர் சாந்திதேவர் இக்கேள்வியை நேராகவே எழுப்பினார். உலகின் வறுமையை ஒழிப்பதே தானத்தின் நிறைவு என்றால், உலகில் இன்னும் ஏழைகள் இருப்பதால் முந்தைய புத்தர்கள் யாருமே தானத்தை நிறைவு செய்யவில்லை என்றாகும். ஆகவே தானத்தின் நிறைவு, தன்னிடம் உள்ள அனைத்தையும் அதன் பலனையும் சேர்த்து எல்லா உயிர்க்கும் கொடுத்துவிட்ட மனநிலையே என்பது அவர் முடிவு.

சோம்பேறிக்கு இது நல்ல செய்தியாகத் தோன்றலாம். மனத்தால் கொடுத்துவிட்டேன், கையால் எதற்கு? சாந்திதேவர் அப்படித் தப்பிக்க விடுவதில்லை. அதே நூலில் பிறிதோரிடத்தில் அவர் காட்டும் பயிற்சி முறை மிக எளியது. முதலில் கீரை போன்றவற்றைக் கொடுக்கப் பழகச் சொல்கிறார் தலைவராகிய புத்தர். பழகப் பழக, ஒரு நாள் தன் உடலின் தசையையும் கொடுக்கும் நிலை வரும்; அன்று அந்த உடலும் கீரையைப் போலவே தோன்றும், அப்போது கொடுப்பதில் என்ன கடினம் என்பது அவர் வாதம். மனநிலைதான் நிறைவு, உண்மை. ஆனால் அந்த மனம் கீரைக்கட்டோடு வீட்டு வாசலில் நிற்கும்போது உருவாகிறது, தனியறையில் கண்மூடி இருக்கும்போது மட்டும் அன்று.

கொடுத்தேன் என்ற எண்ணம் ஒட்டிக்கொள்வதைப் பற்றியும் பௌத்தம் கவலை கொண்டது. கொடுப்பவன், கொடுக்கப்படும் பொருள், பெறுபவன் என்ற மூன்றையும் தனித்தனிச் சொத்துகளாகப் பற்றாதிருப்பதே தூய தானம் என்கிறது மகாயானம். வேதாந்தம் பயின்றவர்க்கு இது அந்நியமான கருத்து அன்று. பைலகுப்பே இதற்கு ஒரு நடைமுறை விளக்கம் எனலாம். அங்கே யார் கொடுத்தவர், யார் பெற்றவர்? நிலம் தந்தது மைசூர் அரசு. காட்டைத் திருத்தியது திபெத்தியரின் உழைப்பு. அவர்களுடைய மருத்துவ மரபான மென்-சீ-காங் நிலையங்களில், சென்னை, பெங்களூர் நிலையங்கள் உட்பட, இன்று இந்திய நோயாளிகள் திரளாகக் காத்திருக்கின்றனர். 2018 ஆகஸ்ட் 10 அன்று பெங்களூரில் திபெத்தியர் கர்நாடகத்திற்கு நன்றி கூறும் விழா எடுத்தனர். தலாய் லாமா நேரில் வந்து மாநில மக்களுக்கு நன்றி நவின்றார்.

எல்லாம் நன்றாகவே நடந்தன என்று எழுதிவிடுவது எளிது, அது உண்மையாகாது. பொன் போர்த்திய சிலைகளின் அருகிலேயே கூலிக்கு வேலை தேடும் உள்ளூர் ஏழைகள் உள்ளனர். திபெத்திய இளைஞர் பலர் வெளிநாடு சென்றுவிட, குடியிருப்புகளில் முதியோர் தனித்திருக்கின்றனர். இமயமலைப் பகுதிகளின் வறிய குடும்பங்கள் சிறுவர்களை மடங்களுக்கு அனுப்புவதில் பக்தியோடு பசிக்கும் பங்குண்டு. அச்சிறுவர்களுக்கு உணவும் கல்வியும் கிடைக்கின்றன; ஏழு வயதில் எடுத்த முடிவு அவர்களுடையதா என்ற வினாவும் கூடவே இருக்கிறது.

பக்ஸாவிலிருந்து வந்த நோயும் இன்னும் விட்டபாடில்லை. விடுதிகளிலும் மடங்களிலும் பலர் நெருங்கி வாழ்வதால் இந்தியாவிலுள்ள திபெத்தியரிடையே காசநோய் மிகுதி. அதிலும் வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத வகை கவலை தருவது. நோய் முற்றி ஆள் தானாக மருத்துவமனைக்கு வரும்வரை காத்திராமல், கூட்டாக வாழும் இடங்களுக்கே சென்று ஒவ்வொருவரையும் சோதித்து, மறைந்திருக்கும் கிருமிக்கும் மருந்தளிக்கும் முயற்சி 2017-இல் தொடங்கப்பட்டது. திபெத்திய மருத்துவ அமைப்புகளும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் இதில் கைகோத்துள்ளன. மருந்தை மாதக்கணக்கில் விடாது உட்கொள்ள வைப்பதே இதில் பெரும்பாடு. அதற்கு மருத்துவரைவிட அருகில் படுத்திருக்கும் தோழர்தான் அதிகம் பயன்படுவார்.

வினய பிடகத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. வயிற்றுப் போக்கால் தன் மலசலத்திலேயே விழுந்து கிடந்த பிக்ஷு ஒருவனைப் புத்தரும் ஆனந்தரும் காண நேர்ந்தது. அவனால் மற்ற பிக்ஷுக்களுக்கு உதவி ஒன்றும் இல்லை, ஆகவே அவர்களும் அவனைக் கவனிக்கவில்லை. புத்தர் நீர் வார்த்தார், ஆனந்தர் உடலைத் துடைத்தார். தலைப்பக்கம் புத்தரும் கால்பக்கம் ஆனந்தருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினர். பின்னர் சங்கத்தைக் கூட்டி, உங்களுக்கு இங்கே தாயும் இல்லை, தந்தையும் இல்லை, ஒருவரையொருவர் நீங்கள் பேணாவிட்டால் யார் பேணுவார் என்று கேட்டு, தமக்குப் பணிவிடை செய்ய விரும்புவோர் நோயுற்றவருக்குச் செய்யட்டும் என்றார். ஆசிரியரோ மாணவரோ இல்லாத நோயாளியைச் சங்கமே பேண வேண்டும், தவறினால் குற்றம் என்பது அன்று ஏற்பட்ட விதி. நோயாளியைப் பேணத் தகுதியுள்ளவர் யார் என்பதற்கும் ஐந்து இலக்கணங்களை அங்கே வகுத்தார். மருந்து தயாரிக்கத் தெரிந்திருத்தல், நோயாளிக்கு ஏற்றது எது, ஏற்காதது எது என்று அறிதல், ஆதாயம் கருதாமல் அன்பினால் செய்தல், தக்க வேளையில் நல்லுரை கூறி மனத்தைத் தேற்றுதல் ஆகியவை நான்கு. எஞ்சிய ஒன்று, மலம், சிறுநீர், எச்சில், வாந்தி ஆகியவற்றை அகற்றுவதில் அருவருப்புக் கொள்ளாதிருத்தல்.